சர்வர் டாஷ்போர்டில் பார்த்து இன்னும் மண்டையைக் குடைகிற ஒன்று இருந்தால் சொல்லுங்க (சேலம் பக்கம்)

பேட்டைக்காரன்

செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. முன்னால் ஆபீஸ், பின்னால் பட்டறை, நடுவில் ஒரே சுவர். பில்லிங் சர்வர் என்பது ஒரு பழைய டவர், உபுண்டு லினக்ஸ், அதில் பில் தரவுக்கு மைஎஸ்க்யூஎல், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். பில் போட்டால் சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஆனால் எப்பவும் இல்லை என்று கூப்பிட்டார்கள். மிஷினின் நிலையைக் கோடுகளாகக் காட்டும் நெட்டேட்டாவைப் போட்டு பிரவுசரில் அதன் போர்ட் 19999ஐத் திறந்தேன். சிபியு பத்து சதவீதத்துக்குக் கீழே, ராம் பாதி காலி, லோடு (ஓடுகிற, காத்துநிற்கிற வேலைகளின் கணக்கு) மட்டும் 14. டிஸ்க் பக்கம் இறங்கினால் பதில் நேரம் ஒரு சமயம் 10 மில்லிசெகண்ட், இன்னொரு சமயம் 600க்கு மேல். சரி, யாரோ எக்கச்சக்கமாக எழுதுகிறார்கள் என்று பார்த்தால் எழுதுகிற அளவு ஏறவே இல்லை.

அப்போதுதான் சுவருக்குப் பின்னால் பிரஸ் மிஷின் டக் டக் என்று ஆரம்பித்தது, கோடு ஏறியது. நெட்டேட்டா செகண்டுக்கு ஒரு புள்ளி வைக்கும், அதனால் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. "அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று கத்தினேன். இறங்கியது. "போடுங்க" என்றேன், ஏறியது. டவர் இருந்தது அந்தச் சுவரில் அடித்த பலகை மேல். மிஷின் ஓட்டுகிற அண்ணன் எழுந்து வந்து "நான் மிதிக்கிறது உங்க பொட்டியில தெரியுதாங்க?" என்று கேட்டுவிட்டு என் பின்னாலேயே நின்றார். முதலாளி மட்டும் நம்பவில்லை. டவரை இறக்கி எதிர்ப் பக்கம் தரையில் வைத்தோம், 600 என்பது 100, 150 ஆனது. முழுசாகப் போகவில்லை. ஏன் போகவில்லை?

ஜங்ஷன் ரிப்பேர்

அதிர்வாவது ஒன்றாவது. பிரஸ் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கும், டவரின் பழைய பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) தாங்காது, டிஸ்க் திணறும், அவ்வளவுதான். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தீங்களா? யூபிஎஸ் இருக்கா? அதைச் சொல்லாமல் மிஷினை நிறுத்து, போடு என்று சினிமா காட்டுகிறீர்கள்.

என் கதை சின்னது. கொண்டலாம்பட்டியில் ஒரு தறிக்கூட ஆபீஸ், அங்கேயும் லோடு அதிகம். யாரோ ஒருத்தர் டாஷ்போர்டில் அந்த எண்ணை மட்டும் காட்டி, பிராசசர் பத்தவில்லை என்று புது மிஷினே விற்றுவிட்டார், டிஸ்க்கை மட்டும் பழசிலிருந்து கழற்றி மாட்டிக் கொடுத்திருக்கிறார். நான் போய்த் திறந்தால் எட்டு கோர், எல்லாம் சும்மா தூங்குகிறது, லோடு மட்டும் அப்படியே நிற்கிறது. லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கிற வேலையும் லோடு கணக்கில் சேரும், 1993லிருந்தே அப்படித்தான். அந்த முதலாளி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

ஏற்காடு மிளகு

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட், அங்கே கேமரா பதிவுக்கு ராஸ்பெர்ரி பை 4 என்கிற ஒரு கையளவுக் கம்ப்யூட்டர். கீழே அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில் சோதனைக்கு வைத்திருந்தபோது சித்திரை வெயிலில் 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்ட அதே பை, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினதும் 50ஐத் தாண்டினதே இல்லை. அளவுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ், அதைக் கோடாக வரையும் கிராஃபானா இரண்டும் கீழே சேலத்தில் ஓடுகின்றன, எனக்கு முன்னால் பார்த்தவர் போட்டு வைத்தது.

ஒரு நாள் விடியக்காலையில் எஸ்டேட்காரர் போன் பண்ணி ராத்திரி காயப்போட்ட மிளகைக் காணோம், மூணு மணிப் பதிவை எடு என்றார். பதிவே இல்லை. டாஷ்போர்டைத் திறந்தால் ராத்திரி முழுக்க வெப்பநிலை 46, பச்சை, எல்லாம் சுகம். அவருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பப் போனவன் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. நிஜ வெப்பநிலை இப்படி இருக்காது, அரை டிகிரியாவது ஆடும். மின்னலில் கரண்ட் போய் பை அணைந்தே கிடந்திருக்கிறது. கிராஃபானாவில் விட்டுப்போன புள்ளிகளை இணைத்துக் காட்டு என்று ஒரு அமைப்பு உண்டு, முன்னால் பார்த்தவர் அதை 'எப்போதும்' என்று வைத்திருக்கிறார். இருந்த கடைசிப் புள்ளிக்கும் காலையில் வந்த முதல் புள்ளிக்கும் அதுவாகக் கோடு இழுத்துக்கொண்டது. மிளகு போனது போனதுதான்.

பேட்டைக்காரன்

ஜங்ஷன் அண்ணா, ஸ்மார்ட் பார்த்தேன், கெட்டுப்போனது என்று ஒரு செக்டர் கூட மாற்றப்படவில்லை. யூபிஎஸ்ஸும் இருக்கிறது. வோல்டேஜ்தான் காரணம் என்றால் டவரை எதிர்ப் பக்கம் வைத்ததும் ஏன் குறைந்தது? ஒயர் அதே பிளக்கில்தான்.

ஐந்துரோடு

ஜங்ஷன் நண்பரே, அதிர்வு கதை இல்லை. 2008 கடைசியில் சன் நிறுவனத்து பிரெண்டன் கிரெக் ஒரு டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கத்தினார், அந்த நொடியே டிஸ்க்கின் தாமதம் எகிறியது. அதையும் பிரவுசரில் ஓடும் டாஷ்போர்டில்தான் காட்டினார், வீடியோவே இருக்கிறது. வெறும் சத்தத்துக்கே டிஸ்க்கில் படிக்கிற, எழுதுகிற தலை தடம் மாறுகிறது என்றால் பிரஸ் மிஷினுக்குக் கேட்கணுமா? பேட்டைக்காரரே, தரை வழியாகவும் அதிர்வு வரும், அடியில் ரப்பர் போட்டுப் பாருங்க, இல்லை எஸ்எஸ்டி போட்டுவிட்டு வேறு வேலை பாருங்க.

எல்லோருக்கும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்குக்காகக் காத்த நேரம் என்று காட்டுகிற ஐஓவெயிட்டை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க, அது சிபியு சும்மா இருக்கும் நேரத்தைத்தான் வேறு பெயரில் எண்ணுகிறது, பக்கத்தில் வேறு ஒரு கனமான வேலை ஓடினால் டிஸ்க் அப்படியே படுத்துக்கிடந்தாலும் ஐஓவெயிட் இறங்கிவிடும். லினக்ஸ் கர்னல் 4.20 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் சார்ட்டைப் பாருங்க, எவ்வளவு நேரம் வேலைகள் காத்துக்கிடந்தன என்று அது நேராகச் சொல்லும். அப்புறம் ஒரு நாள் முழுவதையும் காட்டும் படத்தை வைத்துக்கொண்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீங்க, அங்கே நூற்றுக்கணக்கான செகண்டுகள் சேர்ந்து சராசரியாகி ஒரே புள்ளியாக நிற்கும், உங்கள் 600 அதில் காணாமலே போயிருக்கும். 19999ஐ வெளி உலகத்துக்குத் திறந்து வைக்காதீங்க, எஸ்எஸ்ஹெச் டன்னல் என்கிற பூட்டிய வழியாகப் பாருங்க. சர்வரை பிரவுசரில் நிர்வகிக்கும் காக்பிட்டும் புரோமிதியஸும் ஒரே மிஷினில் போடுகிறவர்கள் இரண்டுக்கும் போர்ட் 9090 என்பதை முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்க. ஏற்காடு தம்பி, நீங்க வெப்பநிலையைப் பார்த்ததே தப்பு, புரோமிதியஸ் ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் மிஷின் பதில் சொல்லவில்லை என்றால் 'அப்' என்கிற அளவை 0 என்று எழுதி வைக்கும், அதற்கு அலர்ட் வையுங்க. என் அனுபவம் என்று தனியாக ஒன்றும் இல்லை, இதெல்லாம்தான்.

லேப் பையன்

காலேஜ் லேப்பில் 2 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய மிஷின் எப்பவும் திணறும், ஏன் என்று கண்டுபிடி என்று சார் என்னிடம் விட்டார். அதிலேயே நெட்டேட்டா போட்டு அதிலேயே பிரவுசரைத் திறந்தேன். சிபியு 90க்கு மேல். அடேங்கப்பா என்று பிராசஸ் பட்டியலைப் பார்த்தால் முதலிடத்தில் பிரவுசர். செகண்டுக்கு ஒரு தடவை அத்தனை சார்ட்டையும் வரைகிறதே. டேபை மூடினால் மிஷின் சரியாகிவிடும், ஆனால் சரியானது தெரிய வேண்டுமென்றால் டேபைத் திறக்க வேண்டும். சார் என் பின்னால் நின்று "என்னப்பா, உன் டாஷ்போர்டே தின்னுதே" என்றார். அப்புறம் என் போனில் திறந்து பார்த்தேன், அந்த மிஷினின் சிபியு 20ஐத் தாண்டவில்லை. லேப் நேரத்தில் மட்டும் ஏன் திணறுகிறது என்பது இன்றைக்கும் தெரியாது.

ஜங்ஷன் ரிப்பேர்

வீடியோ பார்த்தேன் ஐந்துரோடு. அது கத்துவது டிஸ்க்குக்கு அரை அடி தூரத்தில். இங்கே நடுவில் செங்கல் சுவர்.

ஏற்காடு மிளகு

ஐந்துரோடு அண்ணா, நீங்க சொன்னபடியே 'அப்'புக்கு அலர்ட் வைத்தேன். மலையில் கோடை மழை தொடங்கிவிட்டது, மின்னல் வெட்டும்போதெல்லாம் கரண்ட் போகிறது, ராத்திரி முழுக்க போன் அடிக்கிறது, வீட்டில் திட்டு. இப்போ பத்து நிமிஷம் தொடர்ந்து 0 இருந்தால் மட்டும் அடி என்று வைத்திருக்கிறேன்.