ஜென்கின்ஸ்: டெஸ்ட் ஃபெயில் ஆனா ரிப்போர்ட் வரல, பாஸ் ஆனா எண்ணிக்கை டபுளா வருது

மின்மினி_க்யூஏ (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஜாவா 17, மேவன் (பில்ட் கருவி), டெஸ்ட்என்ஜி (டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்), செலினியம் (ப்ரவுசரை ஓட்டிச் சோதிக்கும் கருவி). ஷ்யூர்ஃபயர் (டெஸ்ட்டை ஓட்டும் மேவன் ப்ளகின்) வழியா ஒரே சூட் எக்ஸ்எம்எல்லை (எந்தெந்த டெஸ்ட் ஓடணும்னு சொல்லும் ஃபைல்) ஓட்டுறோம், அதில் 420 டெஸ்ட். ஜென்கின்ஸில் (பில்ட், டெஸ்ட்டைத் தானா ஓட்டும் சர்வர்) டிக்ளரேட்டிவ் பைப்லைன் (ஸ்டேஜ் ஸ்டேஜா எழுதும் வேலை வரிசை). ஸ்டேஜ் வரிசை: பில்ட், டெஸ்ட், ரிப்போர்ட், டெப்ளாய். ரிப்போர்ட் ஸ்டேஜில் ஜேயூனிட் ஸ்டெப்பும் (டெஸ்ட் முடிவு எக்ஸ்எம்எல்லைப் படிச்சு எண்ணிக்கை காட்டுவது) எச்டிஎம்எல் பப்ளிஷரும் (எச்டிஎம்எல் ரிப்போர்ட்டை ஜென்கின்ஸுக்குள் காட்டுவது) இருக்கு. ஜேயூனிட் ஸ்டெப்புக்குக் கொடுத்திருக்கிற பேட்டர்ன், ஷ்யூர்ஃபயர்-ரிப்போர்ட்ஸ் ஃபோல்டருக்குள் எந்த ஆழத்தில் இருக்கிற எக்ஸ்எம்எல்லையும் எடு என்பது (இரட்டை நட்சத்திரம்).

நடப்பது இது. எல்லாம் பாஸ் ஆனால் ரிப்போர்ட் வருது, ஆனா 840 டெஸ்ட்னு காட்டுது. ஒண்ணு ஃபெயில் ஆனாலும் டெஸ்ட் ஸ்டேஜ் சிவப்பாகி அங்கேயே நின்னுடுது, ரிப்போர்ட் ஸ்டேஜ் ஓடவே இல்லை. ரிப்போர்ட் அவசியமா வேணும்கிறதே ஃபெயில் ஆகும்போதுதானே? மேவனில் டெஸ்ட் ஃபெயிலியரை இக்னோர் பண்ணும் ஃபிளாகைச் சேர்த்தேன். ரிப்போர்ட் வந்தது, பில்ட் மஞ்சளானது, ஆனா டெப்ளாய் ஸ்டேஜும் ஓடி ஸ்டேஜிங் சர்வருக்குப் போயிடுச்சு. இது போக, எக்ஸ்டென்ட் (டெஸ்ட் ரிப்போர்ட் உருவாக்கும் லைப்ரரி) எழுதும் எச்டிஎம்எல்லை ஜென்கின்ஸுக்குள் திறந்தால் வெறும் எழுத்தாகத் தெரியுது. டவுன்லோட் பண்ணித் திறந்தால் நல்லா இருக்கு.

சரியான அமைப்பு எது?

---

கல்தச்சன்

முதலில் ஸ்டேஜ் விஷயம். ரிப்போர்ட்டுக்குத் தனி ஸ்டேஜ் வைப்பதை விடுங்கள். ஷெல் ஸ்டெப்பில் மேவன் பூஜ்யம் அல்லாத எக்ஸிட் கோட் (தோல்வி என்று பொருள்) கொடுத்ததும் டிக்ளரேட்டிவ் பைப்லைன் அடுத்த ஸ்டேஜ்களைத் தாண்டிவிடும். ஜேயூனிட் ஸ்டெப் டெஸ்ட் ஸ்டேஜின் *உள்ளேயே* இருக்கும் போஸ்ட் பிளாக்கில், ஆல்வேஸ் என்ற பிரிவில் இருக்க வேண்டும். அப்போது ஸ்டேஜ் எப்படி முடிந்தாலும் அது ஓடும்.

பைப்லைன் முடிவில் இருக்கும் பொது போஸ்ட் பிளாக்கில் வைத்தாலும் ரிப்போர்ட் வரும், பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் இக்னோர் ஃபிளாகும் சேர்ந்திருந்தால் அது ஆபத்து. ஃபிளாக் இருப்பதால் மேவன் பூஜ்யம் கொடுக்கிறது, பில்ட் ஃபெயிலான டெஸ்ட்டைப் பற்றி எதுவும் தெரியாமல் பச்சையாகவே நகர்கிறது, டெப்ளாய் முடிகிறது, அதற்குப் பிறகுதான் ஜேயூனிட் ஸ்டெப் எக்ஸ்எம்எல்லைப் படித்து அன்ஸ்டேபிள் (மஞ்சள்) என்று முத்திரை குத்துகிறது. மஞ்சள் வரும்போது கோட் சர்வரில் ஏறியிருக்கும்.

உங்களிடம் ஜேயூனிட் டெப்ளாய்க்கு முன்பே ஓடியும் டெப்ளாய் நிற்கவில்லை. காரணம், அன்ஸ்டேபிள் ஆனாலும் பைப்லைன் தானாக நிற்காது. அதற்கு ஆப்ஷன்ஸ் பிளாக்கில் 'ஸ்கிப் ஸ்டேஜஸ் ஆஃப்டர் அன்ஸ்டேபிள்' போட வேண்டும். அதைப் போட்டால் மஞ்சளுக்குப் பிறகு வரும் ஸ்டேஜ்கள் ஓடாது.

இக்னோர் ஃபிளாக் வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே என் கருத்து. அது இருந்தால் கம்பைல் எரர் சிவப்பு, டெஸ்ட் ஃபெயிலியர் மஞ்சள் என்று பிரிந்து தெரியும். காலையில் டேஷ்போர்டைப் பார்த்ததும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த மேவன் கட்டளையில் கோல் வெரிஃபையோடு நிற்க வேண்டும். அதே வரியில் மேவனின் டெப்ளாய் கோலும் இருந்தால், டெஸ்ட் ஃபெயிலான ஜார் நேராக ரெபாசிட்டரிக்குப் போய்விடும். மேவனுக்குள் நடப்பதை ஜென்கின்ஸ் ஆப்ஷனால் தடுக்க முடியாது.

வொர்க்ஸ்பேஸைத் துடைக்கும் க்ளீன் டபிள்யூஎஸ் ஸ்டெப் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது ஆல்வேஸ் பிரிவில் ஜேயூனிட்டுக்கு மேலே இருந்தால் எக்ஸ்எம்எல் அழிந்த பிறகுதான் ஜேயூனிட் தேடும். ரிப்போர்ட் ஃபைலே இல்லை என்று பில்ட் விழும். அதற்கென்றே போஸ்ட் பிளாக்கில் க்ளீனப் என்ற பிரிவு உண்டு. மற்ற எல்லாப் பிரிவுகளும் முடிந்த பிறகே அது ஓடும்.

---

பொருநை

840-க்குக் காரணம் உங்கள் இரட்டை நட்சத்திரம்தான். டார்கெட்டுக்குள் ஷ்யூர்ஃபயர்-ரிப்போர்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். மேலேயே 'டெஸ்ட்-டெஸ்ட்சூட்' என்று ஒரு எக்ஸ்எம்எல் இருக்கும். சூட் ஃபைல் கொடுத்து ஓட்டினால் ஷ்யூர்ஃபயர் எல்லா டெஸ்ட்டையும் அந்த ஒரே ஃபைலில் எழுதும். அதே ஃபோல்டருக்குள் 'ஜேயூனிட்ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு சப்ஃபோல்டர் இருக்கும். அது ஷ்யூர்ஃபயருடையது அல்ல, டெஸ்ட்என்ஜி தன் பங்குக்கு கிளாஸ் வாரியாக எழுதுவது. இரண்டும் ஜேயூனிட் ஃபார்மட்தான். ஜென்கின்ஸ் இரண்டையும் படித்துக் கூட்டுகிறது. பக்கத்திலேயே கிடக்கும் 'டெஸ்ட்என்ஜி-ரிசல்ட்ஸ்' எக்ஸ்எம்எல் அந்த ஃபார்மட்டே கிடையாது, ஜேயூனிட் ஸ்டெப்புக்கு அது தேவையில்லை.

பேட்டர்னை இப்படிச் சுருக்குங்கள்: ஷ்யூர்ஃபயர்-ரிப்போர்ட்ஸுக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில் டெஸ்ட், ஒரு ஹைஃபன், ஒற்றை நட்சத்திரம், புள்ளி, எக்ஸ்எம்எல். மல்டி மாட்யூல் ப்ராஜெக்ட் என்றால் இரட்டை நட்சத்திரம் பாதையின் *தொடக்கத்தில்* மட்டும் வரலாம். டெஸ்ட்என்ஜி எழுதும் அந்த எக்ஸ்ட்ரா ஃபைல்கள் வேறு எதற்கும் தேவையில்லை என்றால், பாம் ஃபைலில் (மேவனின் அமைப்பு ஃபைல்) ஷ்யூர்ஃபயர் ப்ராப்பர்ட்டியாக 'யூஸ்டிஃபால்ட்லிஸனர்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடலாம். அதற்குப் பிறகு அவை உருவாகவே மாட்டா.

இன்டக்ரேஷன் டெஸ்ட்டை ஃபெயில்சேஃபுக்கு (அதற்கென்றே உள்ள மேவன் ப்ளகின்) மாற்றும் எண்ணம் இருந்தால்: ரிப்போர்ட் ஃபெயில்சேஃப்-ரிப்போர்ட்ஸ் என்ற வேறு ஃபோல்டரில் வரும், பேட்டர்னில் அதையும் சேர்க்க வேண்டும். கோலாக வெரிஃபை கொடுங்கள், இன்டக்ரேஷன்-டெஸ்ட் கொடுக்காதீர்கள். ஃபெயில்சேஃப் டெஸ்ட் ஓட்டும் கட்டத்தில் பில்டை உடைக்காது. தீர்ப்பு சொல்வது வெரிஃபை கட்டத்தில்தான். இன்டக்ரேஷன்-டெஸ்ட் கட்டத்திலேயே நின்றால் எத்தனை டெஸ்ட் விழுந்தாலும் மேவன் 'சக்ஸஸ்' என்றே முடியும்.

---

மின்மினி_க்யூஏ

பேட்டர்னை மாத்தினதும் 420-னு சரியா வந்துடுச்சு, நன்றி பொருநை. ஜேயூனிட்டை டெஸ்ட் ஸ்டேஜோட போஸ்ட்டுக்குள் கொண்டுபோயிட்டேன், டெப்ளாயும் நிக்குது.

இரண்டு கேள்வி. சில செலினியம் டெஸ்ட் ஒரு தடவை விழுந்து மறு ஓட்டத்தில் பாஸ் ஆகும். ஷ்யூர்ஃபயரில் ரீரன் எண்ணிக்கையை 2 ஆக வெச்சேன், எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் அந்த எச்டிஎம்எல்?

---

பொருநை

ஷ்யூர்ஃபயரின் அந்த ரீரன் வசதி ஜேயூனிட் ப்ரொவைடர்களுக்குத்தான். டெஸ்ட்என்ஜியில் அதற்கு மதிப்பே இல்லை. எரரும் தராது, சும்மா கண்டுகொள்ளாது. டெஸ்ட்என்ஜியில் ஐ-ரீட்ரை-அனலைசர் இன்டர்ஃபேஸை எழுதி, லிஸனர் (டெஸ்ட் ஓடும்போது டெஸ்ட்என்ஜி கூப்பிடும் கிளாஸ்) மூலம் எல்லா டெஸ்ட்டுக்கும் மாட்ட வேண்டும்.

அதை மாட்டியதும் புதிதாக ஒன்றைப் பார்ப்பீர்கள்: ஜென்கின்ஸில் 'ஸ்கிப்ட்' எண்ணிக்கை ஏறும். மறு ஓட்டத்துக்குப் போன முதல் முயற்சியை டெஸ்ட்என்ஜி ஸ்கிப் என்றே பதிவு செய்கிறது. அந்த எண்ணிக்கையை லிஸனரில் மறைக்கச் சொல்லி நெட்டில் நிறைய யோசனை கிடைக்கும். மறைக்காதீர்கள். எந்த டெஸ்ட் வாராவாரம் இரண்டாவது முயற்சியில்தான் தேறுகிறது என்று சொல்லும் ஒரே தடயம் அதுதான். மறு ஓட்டம் அதிகபட்சம் ஒன்று போதும். காத்திருப்பு (வெயிட்) சரியாக இல்லாத டெஸ்ட்டை மூன்று முறை ஓட்டிப் பாஸ் வாங்கினால், ரிப்போர்ட்டில் வரும் பச்சைக்கு அர்த்தம் இருக்காது.

---

தெற்குக்காற்று

எச்டிஎம்எல் விஷயம்: உங்க ரிப்போர்ட்டில் தப்பில்லை. ஜென்கின்ஸ் 1.641, எல்டிஎஸ்ஸில் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) 1.625.3 முதல், வொர்க்ஸ்பேஸ், ஆர்ட்டிஃபாக்ட், எச்டிஎம்எல் பப்ளிஷர் வழியா காட்டும் ஃபைல்களுக்கு கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி ஹெடர் சேர்த்து அனுப்புது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, பக்கத்துக்குள்ளேயே எழுதின ஸ்டைல் வேலை செய்யாது, வெளி சிடிஎன்னில் (ஸ்கிரிப்ட், ஸ்டைல் ஃபைல்களைத் தரும் பொது சர்வர்) இருந்து எதுவும் லோட் ஆகாது. எக்ஸ்டென்ட் ரிப்போர்ட் இந்த மூணையும் நம்பி இருக்கு. ப்ரவுசரில் எஃப்12 அடிச்சு கன்சோலைப் பாருங்க, எந்த ஃபைலை ஏன் தடுத்ததுன்னு வரிவரியா சொல்லும்.

ஸ்கிரிப்ட் கன்சோலில் ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டியைக் காலியாக்கினா சரியாகிடும்னு எங்கே தேடினாலும் முதல் பதிலா வரும். சரியாகும், ஜென்கின்ஸ் ரீஸ்டார்ட் ஆகிற வரைக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்தத் தடை இருக்கிறதே பாதுகாப்புக்குத்தான். பில்டில் உருவாகிற எந்த எச்டிஎம்எல்லும், அதைத் திறக்கிறவரோட லாகின் உரிமையில் ஜென்கின்ஸுக்குள் ஸ்கிரிப்ட் ஓட்டலாம்னு ஆகிடும். அட்மின் ஒருத்தர் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தா போதும்.

முறையான வழி, ஜென்கின்ஸ் 2.200-ல் வந்த ரிசோர்ஸ் ரூட் யூஆர்எல். மேனேஜ் ஜென்கின்ஸில் சிஸ்டம் பக்கத்தில் இருக்கும். அதே ஜென்கின்ஸுக்கே வந்து சேருகிற இரண்டாவது டொமைன் பெயர் ஒண்ணு வேணும். டிஎன்எஸ் பதிவு, அந்தப் பெயருக்கும் சேர்த்து சர்ட்டிஃபிகேட், முன்னாடி என்ஜின்எக்ஸ் (ப்ராக்ஸி சர்வர்) இருந்தா ஹோஸ்ட் ஹெடரை மாத்தாம உள்ளே அனுப்பணும். இதை வெச்சதும் ரிப்போர்ட் ஃபைல்கள் அந்த டொமைனில் இருந்து வரும், தடை ஹெடர் இருக்காது, லாகின் குக்கியும் அங்கே போகாது. அந்த இணைப்புகள் தற்காலிகமானவை. அதனால மெயிலில் அனுப்பும்போது பில்ட் பக்கத்தோட முகவரியைக் கொடுங்க, ரிப்போர்ட் திறந்த பிறகு அட்ரஸ் பாரில் தெரியறதை காப்பி பண்ணாதீங்க.

சர்வர் இன்டர்னல் நெட்வொர்க்கில் மட்டும்னா எக்ஸ்டென்ட்டோட ஸ்பார்க் ரிப்போர்ட்டரில் ஆஃப்லைன் மோடையும் போட்டுடுங்க. இல்லேன்னா சிடிஎன் கிடைக்காம மறுபடி வெறும் எழுத்துதான்.

இரண்டாவது டொமைன் கிடைக்க மாசக்கணக்கில் ஆகும்னா அல்யூருக்கு (வேறொரு ரிப்போர்ட் கருவி) மாறலாம். அதோட ஜென்கின்ஸ் ப்ளகின் ரிப்போர்ட்டைத் தானே பரிமாறுது, இந்தத் தடையில் மாட்டாது. பழைய ஓட்டங்களோட ட்ரெண்டையும் அதுவே எடுத்துவரும். ஒண்ணு கவனிங்க: அல்யூர் ரிப்போர்ட் ஃபோல்டரை டவுன்லோட் பண்ணி இண்டெக்ஸ் ஃபைலை டபுள் க்ளிக் பண்ணினா லோடிங்னு சுத்திக்கிட்டே இருக்கும். டேட்டா தனித்தனி ஜேசன் ஃபைலா இருக்கு, லோக்கல் டிஸ்க்கில் இருந்து அதைப் படிக்க ப்ரவுசர் விடாது.

---

கல்தச்சன்

இன்னும் சில இடங்களில் பொய்ப் பச்சை வரும். அமைப்பு தேறியதாக நினைப்பதற்கு முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

லாகை ஃபைலில் சேமிக்க மேவன் கட்டளையை டீ கட்டளைக்கு பைப் செய்திருந்தால், ஷெல் திருப்பித் தருவது டீயின் எக்ஸிட் கோட். அது பெரும்பாலும் பூஜ்யம்தான். கம்பைல் எரர்கூட அந்த ஸ்டெப்பைத் தாண்டிப் போய்விடும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிட்டு, அடுத்த வரியில் பைப்ஃபெயில் ஆப்ஷனை இயக்குங்கள்.

ஜேயூனிட் ஸ்டெப்பில் 'அலவ் எம்ப்டி ரிசல்ட்ஸ்' ட்ரூ என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். குரூப் பெயரில் ஒரு எழுத்து தவறினாலே டெஸ்ட்என்ஜி பூஜ்யம் டெஸ்ட்டை ஓட்டிவிட்டு அமைதியாக முடியும். ஷ்யூர்ஃபயரில் 'ஃபெயில் இஃப் நோ டெஸ்ட்ஸ்' ட்ரூ ஆக்கினால் அங்கேயே பிடிபடும்.

டெஸ்ட் டாக்கர் ரன் மூலம் ஓடுகிறதா? வொர்க்ஸ்பேஸை மவுண்ட் செய்யாவிட்டால் எக்ஸ்எம்எல் கன்டெய்னரோடு போய்விடும். மவுண்ட் செய்து ரூட் யூசராக ஓட்டினால் டார்கெட் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாகும். அடுத்த பில்டில் ஜென்கின்ஸால் அதை அழிக்க முடியாமல் க்ளீன் கோலே விழும். ஏஜென்ட்டின் யூசர் ஐடி, குரூப் ஐடியை டாக்கருக்கு யூசர் ஆப்ஷனாகக் கொடுத்தால் தீரும்.

---

மின்மினி_க்யூஏ

அலவ் எம்ப்டி ட்ரூன்னுதான் இருந்தது, எடுத்துட்டேன். ரிசோர்ஸ் டொமைனுக்கு டிக்கெட் போட்டாச்சு. கடைசியா ஒண்ணு: ஃபெயில் ஆகும்போது எடுக்கிற ஸ்க்ரீன்ஷாட்டையும் எக்ஸ்டென்ட் ஃபோல்டருக்குள் போட்டு எச்டிஎம்எல் பப்ளிஷரில் கீப் ஆல் (எல்லா பில்டோட ரிப்போர்ட்டையும் வெச்சிரு என்பது) வெச்சிருக்கோம். டிஸ்க் வேகமா நிரம்புது. 100 பில்ட் ட்ரெண்டும் வேணும்.

---

தெற்குக்காற்று

ஸ்க்ரீன்ஷாட்டை அங்கிருந்து பிரிச்சு, தனி ஃபோல்டரில் போட்டு ஆர்ட்டிஃபாக்ட்டா ஆர்க்கைவ் பண்ணுங்க. ரிப்போர்ட்டில் அதுக்கு லிங்க் மட்டும் போதும். அப்புறம் பில்ட் டிஸ்கார்டரில் (பழைய பில்டை அழிக்கும் அமைப்பு) இரண்டு எண் கொடுங்க: பில்ட் 100, ஆர்ட்டிஃபாக்ட் 15. பழைய 85 பில்டிலும் ஜேயூனிட் எண்ணிக்கையும் ட்ரெண்டும் இருக்கும், படங்கள் மட்டும் போயிடும். இந்த ஆர்ட்டிஃபாக்ட் வரம்பு ஆர்க்கைவ் பண்ணினதுக்கு மட்டும்தான். கீப் ஆல் வெச்ச எச்டிஎம்எல் அந்த பில்டே அழியும்போதுதான் அழியும், அதனாலதான் இப்போ நிரம்புது. ஜேயூனிட் ஸ்டெப்பில் 'கீப் லாங் எஸ்டிடிஐஓ' ட்ரூன்னு இருந்தா அதையும் எடுங்க. பாஸான 400 டெஸ்ட்டோட முழு கன்சோல் அவுட்புட்டும் ஒவ்வொரு பில்டிலும் சேருது.