ஏழு மாநிலம் முடிவு செய்தால் மற்ற 43 எதற்கு?

மேகலா_சான்ஹோசே:
கலிஃபோர்னியாவில் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுவது உண்டியலில் காசு போடுவது மாதிரிதான். மனத்திருப்திக்கு. எப்படியும் இங்கே ஜனநாயகக் கட்சிதான் ஜெயிக்கும்; முடிவு செய்வது எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு 'ஸ்விங்' மாநிலம். 2020-இல் பைடன் நாடு முழுக்க 70 லட்சம் ஓட்டுக்கு மேல் முன்னிலை. ஆனால் அவரை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியது அதுவா? அரிசோனாவில் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682 ஓட்டு முன்னிலை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கிய தேர்வாளர்கள்; அநேகமாக எல்லா மாநிலத்திலும் முந்தியவருக்கே மொத்தத் தேர்வாளர்களும், ஜெயிக்க 270 வேண்டும். இந்த மூன்றும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் தேர்வாளர் ஓட்டு 269-269. பிறகு நாடாளுமன்றக் கீழவையில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று போட்டு டிரம்ப்பை உட்கார வைத்திருப்பார்கள். 70 லட்சத்தை 43 ஆயிரம் தின்றுவிடும் என்றால் அதற்குப் பெயர் தேர்தலா?

பிட்ஸ்பர்க்_பாலா:
மேகலா, ஸ்விங் மாநிலம் என்று கடவுள் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் கலிஃபோர்னியாவே 1968 முதல் 1988 வரை ஒவ்வொரு தடவையும் குடியரசுக் கட்சிக்குப் போன மாநிலம். ஒஹாயோ 1964-இலிருந்து 2016 வரை ஜெயிக்கிறவர் பக்கமே நின்றது. இன்றைக்கு அதை யாரும் சீண்டுவதில்லை. அட்லாண்டா புறநகர் மாறியது, ஜார்ஜியா போட்டிக்கு வந்தது. நாளைக்கு வேறொன்று வரும். கட்சிகள் தங்கள் கோட்டையில் ஓட்டைக் குவிப்பதை விட்டு, இரண்டு தரப்பும் சமமாக இருக்கிற இடத்தில் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் இந்த முறையின் பலன். எங்கள் பென்சில்வேனியாவில் யோசித்து ஓட்டுப் போடுகிறோம், அதனால் தேடி வருகிறார்கள்.

மேகலா_சான்ஹோசே:
அந்தக் கடைசி வரியைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. பென்சில்வேனியாக்காரர்களும் பெரும்பாலும் கட்சி பார்த்துத்தான் குத்துகிறார்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு, அவ்வளவுதான். அதில் உங்கள் புத்திசாலித்தனம் எங்கே வந்தது? 2020-இல் டிரம்ப்புக்கு டெக்சாஸில் விழுந்ததைவிடக் கலிஃபோர்னியாவில் அதிக ஓட்டு விழுந்தது, 60 லட்சம். அத்தனையும் குப்பைக்கு. இது ஒரு கட்சிக்காரியின் புலம்பல் இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

தேடி வருவதைப் பற்றியும் சொல்கிறேன். 2024 ஜூனில் டிரம்ப் நெவாடாவின் லாஸ் வேகஸில் நின்று 'டிப்ஸுக்கு வரி கிடையாது' என்றார். ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் அதே ஊரில் அதையே சொன்னார். நாடு முழுக்க ஓட்டல் சிப்பந்திகள் இருக்கிறார்கள், ஆனால் நெவாடாவில் இருக்கிறவர்களுக்குத்தான் இரண்டு கட்சியும் வரிந்து கட்டிக்கொண்டு வரும். 2025-இல் அது சட்டமாகவும் வந்துவிட்டது. உங்கள் ஊர் எஃகுக் கம்பெனி யுஎஸ் ஸ்டீலை ஜப்பான்காரன் வாங்கக்கூடாது என்று பைடனும் டிரம்ப்பும் ஒரே குரலில் பாடினார்களே, அந்தக் கம்பெனியின் தலைமையகம் வேறு ஊரில் இருந்திருந்தால் பாடியிருப்பார்களா?

பிட்ஸ்பர்க்_பாலா:
பாடியிருக்க மாட்டார்கள். சரி, அதில் என்ன தப்பு? எஃகு ஆலைத் தொழிலாளியைப் பற்றி நான்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது வாஷிங்டன் பேசட்டுமே. நேரடி ஓட்டு வைத்தால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ, ஹூஸ்டன் என்று பெரிய ஊரில் டிவி விளம்பரம் போட்டுவிட்டு வேட்பாளர் போய்விடுவான். இன்னொன்று, ஓட்டு எண்ணுவதில் தகராறு வந்தால் அது ஒரு மாநிலத்தோடு நிற்கும். 2000-இல் ஃப்ளோரிடாவில் புஷ்ஷுக்கும் கோருக்கும் இடையே 537 ஓட்டு வித்தியாசத்துக்கு நடந்த மறு எண்ணிக்கைக் கூத்து ஞாபகம் இருக்கிறதா? அதே கூத்து ஐம்பது மாநிலத்திலும் நடந்தால்?

வழிப்போக்கன்:
பிட்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறீர்களே. அக்டோபர் மாதம் தபால் பெட்டியைத் திறந்தால் பளபள அட்டை நோட்டீஸ் சரிகிறது, கதவைத் தட்டுகிறார்கள், யூடியூபில் பாட்டுக்கு முன்னால் இரண்டு கட்சியும் ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியமே வேண்டாம். கலிஃபோர்னியாவுக்கே கொடுத்துவிடுங்கள். :)

யாழ்நிலவன்:
பாலா அண்ணை சொல்லாத நியாயம் ஒண்டு இருக்கு. எங்கட நாட்டில ஜனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுக்க ஒரே தொகுதி மாதிரித்தான். 2005-இல் புலிகளின்ர புறக்கணிப்பால யாழ் மாவட்டத்தில வாக்களிச்சவை ஒன்றரை வீதமும் இல்லை. மகிந்த ராஜபக்ச ரணிலை வென்றது ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்கால. நேரடி வாக்கெண்டா, ஒரு பகுதியில சனத்தை வீட்டில இருத்திப் போட்டா அந்தப் பகுதியின்ர எடையே காணாமப் போயிடும். அமெரிக்காவில அப்பிடியில்லை. எத்தனை பேர் போட்டாலும் போடாட்டாலும் அந்த மாநிலத்தின்ர தேர்வாளர் எண்ணிக்கை குறையாது. போட்ட கொஞ்சப் பேர் முழு மாநிலத்துக்கும் முடிவெடுப்பினம் எண்டது வேற கதை.

மேகலா_சான்ஹோசே:
நல்ல வாதம், யாழ்நிலவன். ஆனால் திருப்பிப் பாருங்கள். நேரடி ஓட்டில் முடிவைப் புரட்ட லட்சக்கணக்கானோரை வீட்டில் உட்கார வைக்க வேண்டும். இங்கே மூன்று மாநிலத்தில் நாற்பதாயிரம் சொச்சம் போதும். எங்கே கெடுதல் செய்வது லாபம் என்று வரைபடத்தில் வட்டம் போட்டே காட்டுகிறது இந்த முறை. சும்மா கிடக்கிற மாநிலத்தில் மக்களும் சலித்துவிடுகிறார்கள். 2024-இல் விஸ்கான்சினில் முக்கால்வாசிக்கு மேல் வாக்களித்தார்கள், ஹவாயில் பாதிதான்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் தேர்வாளர் குழுவைத் திட்டுகிறீர்கள், காக்கிறீர்கள். குற்றவாளி அது இல்லை. மாநிலத்தில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கு மொத்தமும் என்கிற விதிதான் ஸ்விங் மாநிலத்தை உண்டாக்குகிறது. அது அரசியலமைப்பிலேயே கிடையாது, மாநிலச் சட்டம். 1800-இல் அதிபர் வேட்பாளர் ஜெஃபர்சனுக்கு வசதியாக வர்ஜீனியா மாற்றிக்கொண்டது, பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மெயினும் நெப்ராஸ்காவும் மட்டும் இன்று தொகுதிவாரியாகப் பிரிக்கின்றன. அதனால்தான் நெப்ராஸ்காவின் ஒமாஹா தொகுதிக்கு உள்ள ஒற்றைத் தேர்வாளருக்காக அந்த ஊருக்கு அவ்வளவு மவுசு.

அதற்காக எல்லா மாநிலமும் தொகுதிவாரியாகப் போகட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். 2012-ஐ அப்படிக் கணக்குப் போட்டால் ஒபாமா சுமார் 50 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் மிட் ரோம்னி 274-264 என்று ஜெயிக்கிறார். தொகுதி எல்லையை வரைகிறவன் கையில் அதிபரும் போய்விடுவார்.

பிட்ஸ்பர்க்_பாலா:
அதனால்தான் இருப்பதே மேல் என்கிறேன்.

மேகலா_சான்ஹோசே:
இருப்பதை மாற்றவும் வழி இருக்கிறது. நாடு முழுக்க யார் அதிக ஓட்டோ அவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று மாநிலங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தம். 2024-இல் மெயின் சேர்ந்தபோது, சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் கணக்கு 209 ஆனது. 270 வந்தால் நடைமுறைக்கு வரும்.

பிட்ஸ்பர்க்_பாலா:
வந்திருந்தால் 2024-இல் உங்கள் கலிஃபோர்னியாவின் 54 தேர்வாளர்களும் டிரம்ப்புக்குப் போயிருப்பார்கள். ஏழு ஸ்விங் மாநிலத்தையும் எடுத்ததோடு நாடு முழுக்கவும் அவர்தான் முந்தினார். உங்கள் ஆளுநர் அதில் கையெழுத்துப் போடுவாரா? உங்கள் தெருவில் சும்மா இருப்பார்களா?

மேகலா_சான்ஹோசே:
தெருவில் கத்துவார்கள். நானும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். ஆனாலும் 54-உம் போகட்டும், பாலா. அதிகம் வாங்கியது அவர். இதையே 2016-க்கு நீங்கள் சொல்வீர்களா? ஹிலாரிக்கு 28 லட்சத்துக்கும் மேல் அதிகம். உங்கள் பென்சில்வேனியாவில் டிரம்ப்பின் முன்னிலை 44 ஆயிரம் சொச்சம்.

பிட்ஸ்பர்க்_பாலா:
சொல்ல மாட்டேன். விதி தெரிந்துதானே இரண்டு பேரும் களத்தில் இறங்கினார்கள்? பொதுத்தேர்தல் பிரசாரத்தில் ஹிலாரி விஸ்கான்சின் பக்கம் ஒரு தடவைகூடத் தலைகாட்டவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?