கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கரூர் ரைடர்:
கபடியில் எதிரணி கணுக்காலைப் பிடித்து மடக்கும் ஆங்கிள் ஹோல்டில் மாட்டிப் பிசகிய கால். வீக்கம் வடிந்தது, வலி போனது, திரும்பவும் கபடிக்குப் போனேன். அப்புறம்தான் தொல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னக் கல் போதும், பாதம் உள்பக்கம் மடங்கிவிடும். பிசியோ ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். மூடியதுமே சுவரைப் பிடித்துவிட்டேன். மற்ற காலில் அசையாமல் நிற்க முடிந்தது! ஜவ்வு ஆறினாலும் பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு திரும்பவில்லையாம். வலி போன பிறகும் பயிற்சி வேண்டும் என்று முதல் தடவையே ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

வயல்வரப்பு:
உங்களுக்கு பிசியோவாவது கிடைத்தார். அம்மாவுக்குப் படியில் கால் மடங்கியதும் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். விளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டு, பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அம்மா கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில் வெளிக்கணு எலும்பில் விரிசல்.

நெட்டுக்கு மேலே:
வாலிபாலில் பிளாக் போட்டு இறங்கும்போது எதிரணிக்காரர் பாதத்தின் மேல் இறங்கிவிட்டேன். வெளிப்பக்க ஜவ்வு கிழிந்தது.
வரப்பு சகோ, ஒவ்வொரு சுளுக்குக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. கனடா டாக்டர்கள் 1992-இல் வெளியிட்ட ஒட்டாவா விதிகள் இருக்கின்றன. கணு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்டதும் சரி, டாக்டர் பார்க்கும்போதும் சரி, நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? அப்படியானால் எக்ஸ்ரே. பாதத்தின் நடுவில் வலித்தால் சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தில் இருக்கிற நீள எலும்பின் அடிப்பகுதியையும் அழுத்திப் பார்ப்பார்கள். அம்மா நடந்தார்களா, அதைச் சொல்லவில்லையே?
ரைடர் தம்பி, ஆடும்போது கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கிற, லேஸ் கட்டுகிற பிரேஸ் போடுங்கள். ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளிப் பழகுங்கள், மடங்கவிடாமல் பிடிப்பது கெண்டைக்கால் வெளிப்பக்கத் தசைதான். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். சுலபமானதும் தலையணை மேல் நில்லுங்கள். மாதக்கணக்கில் செய்ய வேண்டும், நடுவில் விடாதீர்கள்.

வயல்வரப்பு:
நடக்கவில்லை. தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனோம். அதைப் பார்த்த பிறகும் இழுத்தார்.

கரூர் ரைடர்:
அண்ணா, இதெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன், இன்னும் மடங்குகிறது. டாக்டர் இப்போது புரோஸ்ட்ரம் ஆபரேஷன், தளர்ந்த ஜவ்வை இறுக்கித் தைப்பது, என்கிறார். செய்துகொண்டு திரும்பக் கபடி ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?