தகட்டலகா, மஞ்சள் மூக்கா: ஒரு மலை டூக்கானுக்குப் பெயர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாளை காலை நம் புத்தகத்தின் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. படத்துக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடம். நாற்பது மடல் ஓடியும் அந்த மலை டூக்கானுக்கு (பெரிய அலகுள்ள தென் அமெரிக்கப் பறவை, ஆங்கிலத்தில் plate-billed mountain toucan) தமிழ்ப் பெயர் வைத்தபாடில்லை. உங்கள் யோசனைகளுக்கெல்லாம் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

> இருவாச்சி இருக்கப் புதுச்சொல் எதற்கு? ‘அமெரிக்க இருவாச்சி’ போதும்.

பெரிய அலகைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. டூக்கானுக்குச் சொந்தம் மரங்கொத்தியும் குக்குறுவானும். நம் மலை டூக்கான், தன் காட்டிலேயே வாழும் ‘டூக்கான் குக்குறுவான்’ என்ற குக்குறுவான் வகையின் பொந்தைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. பங்காளித் தகராறு!

> டகரம் மொழிக்கு முதலில் வராது. ‘தூக்கான்’ என்க.

ஐயா, ‘தூக்கான்’ என்றால் தூக்கமாட்டான் என்றல்லவா ஆகிறது? அத்தனை பெரிய அலகைச் சுமந்து திரிகிற பறவைக்கா? (உள்ளே நுரைபோன்ற எலும்புதான், கனமில்லை. அது வேறு கதை.) ஆனால் வேறொரு வழியில் ஐயா ஜெயிக்கிறார். பிரேசிலின் துப்பி மொழிச் சொல் இது. ஸ்பானியர் இன்றும் நாக்கைப் பல்லில் வைத்துத்தான் தகரமாகச் சொல்கிறார்கள். டகரம் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்து ஒட்டியது. ஆகவே ‘துக்கான்’. துக்கம் நினைவுக்கு வருகிறதென்று ஓர் அம்மா வருந்தினார், வரட்டும்.

> குறிஞ்சித் துக்கான்?

அழகுதான். ஆனால் இது இருப்பது கொலம்பியாவின் தென்மேற்கிலும் ஈக்வடாரிலும், ஆண்டெஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், பெரும்பாலும் 1,600 முதல் 2,600 மீட்டர் உயரத்தில், பாசியில் நீர் சொட்டும் ஈரக்காட்டில். அதைக் கொண்டுவந்து மயிலுக்கும் கிளிக்கும் நடுவில் உட்காரவைத்தால் முருகனும் வரவேண்டுமே என்று பதினோரு மடல் ஓடியது. அதற்குள் நான் வரவில்லை.

> தகடலகு

தகட்டலகு. முரடு, முரட்டுப் பிள்ளை ஆவதுபோல. பறவையியலாளர் ஜான் கூல்ட் 1851இல் வைத்த இலத்தீன் பெயரிலேயே தகடும் அலகும் உண்டு. மலை டூக்கான்கள் நான்கு வகை. கறுத்த அலகின் இரு பக்கமும் மஞ்சள் தகடு ஒட்டவைத்தாற்போல இருப்பது இது ஒன்றுக்குத்தான். எதை விட்டாலும் தகட்டை விட முடியாது. ‘அலகு’ என்றால் பிள்ளைகளுக்கு மீட்டரும் கிலோவும்தான் ஞாபகம் வரும் என்ற குறை நியாயமானது. ஆனால் புத்தகம் முழுக்க அலகு என்றே போட்டாயிற்று.

சரி, ‘தகட்டலகு மலைத்துக்கான்’. ஏழு பேர் ஆம், இரண்டு பேர் இல்லை, மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள்.

*

(மறுமொழி, இரவு 11.52)

அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பறவை பறந்துவிடும். இன்று வகுப்பில் படத்தைக் காட்டினேன். கடைசி பெஞ்சுப் பையன் யோசிக்கவே இல்லை, ‘மஞ்ச மூக்கன்’ என்றான்.

*

(மறுமொழி, 12.10)

அம்மா, ‘அன்’ ஆண்பால் விகுதி. பெண் பறவையை எப்படி அழைப்பதாம்?

*

(மறுமொழி, 12.14)

அப்போ துக்கானில் இருக்கும் ‘ஆன்’ என்ன பால், ஐயா?