குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு ஒரே தேசிய ஆணையம் வேண்டுமா?

தெற்குக்காற்று:
ஆஸ்திரேலியாவில் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கான தேசியத் தர நெறிமுறை 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பெரும்பாலும் நாட்டுக்குப் பொது; ஆய்வு செய்வதும் தரநிலை வழங்குவதும் அந்தந்த மாநில ஆணையத்தின் வேலை. முர்ரே ஆற்றின் ஒரு கரையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஆல்பரியையும், மறுகரையில் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் வொடோங்காவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது நிரம்பி மூன்று வயது ஆகாத குழந்தைகள் ஐவருக்கு ஒரு பணியாளர் இருந்தால் ஆல்பரியில் போதும். பாலத்தைக் கடந்து விக்டோரியாவுக்குள் நுழைந்தால் நால்வருக்கு ஒருவர் வேண்டும். இரு ஊர்களிலும் நிலையம் நடத்துபவர் இரண்டு ஆணையங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மாநில ஆணையங்களைக் கலைத்துவிட்டு ஒரே தேசிய ஆணையம் அமைப்பதே சிக்கனமானது, சீரானது என்பது என் வாதம்.

முன்னறை:
பதினோரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். சீர்மை என்ற பெயரில் விக்டோரியாவின் நால்வர் ஐவராகத் தளர்த்தப்பட்டால் லாபம் யாருக்கு? (ஐந்தாவது குழந்தைக்கு உடை மாற்றும்போது மற்ற நால்வரை யார் பார்ப்பது என்பதை, விதி எழுதுபவர்கள் ஒரு பிற்பகல் வந்து பார்க்கலாம்.)

நான் முன்பு வேலை செய்த ஒரு நிலையத்தில், உறங்கும் குழந்தைகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையொப்பமிடும் தாள் கதவில் தொங்கும். ஒருநாள் மணி இரண்டுகூட ஆகவில்லை; மூன்று மணி வரைக்குமான கட்டங்கள் எல்லாம் ஒரே பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் அதிகாரி வேண்டும். அவருடைய அடையாள அட்டையில் எந்த அரசின் முத்திரை இருந்தால் என்ன?

தெற்குக்காற்று:
அந்தத் தாளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எங்கும் நால்வருக்கு ஒருவர் என்று வைத்தாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் முத்திரை முக்கியமில்லை என்பதை ஏற்க முடியாது. பெற்றோரின் கட்டணச் சுமையைக் குறைக்கும் மானியத்தைத் தருவது மத்திய அரசு. தரத்தை ஆய்வு செய்வது மாநிலம். பாதுகாப்பில் தவறும் நிலையங்களுக்கு மானியத்தை நிறுத்தும் அதிகாரத்தை மத்திய அரசு 2025இல் சட்டம் இயற்றி வலுப்படுத்திக்கொண்டது என்றாலும், குறையைக் கண்ணால் காண்பவர் ஒருவர், பணத்தை நிறுத்தக்கூடியவர் வேறொருவர் என்ற நிலை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இரு பிள்ளைகளின் அப்பா:
எங்கள் நிலையத்தின் வாசலில் தரநிலைச் சான்று மாட்டியிருக்கிறார்கள். அதில் உள்ள தேதிக்குப் பிறகு மேலாளர் இருமுறை மாறிவிட்டார். என் மூத்தவள் அங்கிருந்து பள்ளிக்கே போய்விட்டாள்.

முன்னறை:
நான் சொல்ல வந்ததும் அதுதான். வன்கொடுமைப் புகார்களை ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கெடு 2025 செப்டம்பரில் 7 நாளிலிருந்து 24 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. அதற்காக எந்த ஆணையத்தையும் கலைக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் இடையே எத்தனை மாதம் கடக்கலாம் என்பதற்கும் அதுபோல ஒரு கெடு விதிக்கட்டும். அதைத் தொடர்ந்து மீறும் மாநிலத்திடமிருந்து ஆய்வுப் பொறுப்பைப் பறிக்க வேண்டும் என்று நீங்கள் மனு எழுதினால், நானும் கையொப்பமிடுகிறேன்.