முள், பால், மூளை மாதிரி பச்சைக் காய்: இது என்ன மரம்? வில் செய்ய ஆகுமா?

டல்லாஸுக்கு வடக்கே மெக்கின்னி பக்கம் வீடு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கொல்லை வேலியோரம் ஒரு பழைய மரம். மூன்று வாரம் முன்பு அடித்த காற்றில் தொடைக் கனத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. இலை பளபளவென்று, முனை கூராக இருக்கிறது. விளிம்பில் பல் இல்லை. காம்படியில் ஒற்றை முள். கிள்ளினால் பால் வடிகிறது. போன இலையுதிர் காலத்தில் சாத்துக்குடியைவிடப் பெரிய பச்சைக் காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக. அணில்தான் விதைக்காகப் பிய்த்துப் போடுகிறது.

பையன் வில்வித்தை வகுப்புக்குப் போகிறான். இதில் வில் செய்து கொடு என்று ஒரே நச்சரிப்பு. ஊரில் அப்பாவோடு இழைப்புளி பிடித்திருக்கிறேன், வில் செய்ததில்லை.

திருச்சிக்காரன்: முள் இருந்தால் ஹனி லோகஸ்ட்தான் சார். எங்கள் தெருவிலும் நிற்கிறது.

நாணேற்றி: இல்லைங்க. ஹனி லோகஸ்ட்டில் பால் வராது. இலையும் நம்ம புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும், காய் நீளமான நெற்று. இவர் சொல்வது ஓசேஜ் ஆரஞ்சு. பேர்தான் ஆரஞ்சு, குடும்பம் பலாவோடது. உள்ளூர்க்காரர்கள் போடார்க் என்பார்கள். பிரெஞ்சில் ‘வில் மரம்’ என்றது மருவி அப்படி ஆனது. ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் வில் செய்த மரம், சொந்த ஊரே உங்கள் பக்கத்து ரெட் ரிவர் சமவெளிதான். 1804-இல் ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் இதன் கிளைத்துண்டுகளை அப்போதைய அதிபர் ஜெஃபர்சனுக்கு அனுப்பியிருக்கிறார்.

உறுதி செய்ய ஒரு வழி: வைரப் பகுதியில் (நடுவில் உள்ள கெட்டி மரம்) நாலு சீவல் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் மஞ்சளாகும்.

ஆனால் மரம் நல்லது என்பதற்காக அந்தக் கட்டை நல்லது என்று ஆகாது. வெட்டுமுனையில் பசையோ பெயிண்டோ பூசினீர்களா? பட்டையை உரித்தால் வெடிப்பு நேராக ஓடுகிறதா, சுற்றிக்கொண்டு போகிறதா?

கேட்டவர்: தண்ணீர் மஞ்சள்பொடி கரைத்த மாதிரி ஆகிவிட்டது! உள்ளேயும் பலாக்கட்டை நிறம்தான். முனையில் எதுவும் பூசவில்லை, நாலு விரற்கடைக்கு வெடித்திருக்கிறது. வெடிப்பு நேராக இல்லை, ஐந்தடி நீளத்தில் கால்வட்டம் சுற்றுகிறது.

நாணேற்றி: அப்படியானால் முதல் வில்லுக்கு அதைத் தொடாதீர்கள். நார் முறுக்கியிருக்கிறது, வளைக்கும்போது வில்லும் திருகும். அடிமரம் கிடைத்தால்தான் நிம்மதி: முடிச்சில்லாத ஆறடித் துண்டு. வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும், பிளவு நார்வழியே போகும். வெட்டிய அன்றே இரு முனையிலும் மரப்பசை. பட்டையையும் அதன் அடியில் இருக்கும் வெளிர் மரமான வெள்ளையையும் எடுத்து, வில்லின் முதுகாகப் போகும் அந்தப் புறத்திலும் பூசுங்கள். வெள்ளையை விட்டுவைத்தால் பூச்சி துளைக்கும். பிறகு நிழலில் ஒரு வருடமாவது காய வேண்டும்.

கஷ்டமான வேலை முதுகுதான். அம்பெய்கிறவனைப் பார்க்காமல் இலக்கைப் பார்த்து இருக்கும் பக்கம் முனையிலிருந்து முனைவரை ஒரே ஆண்டு வளையமாக ஓட வேண்டும். ஓரிடத்தில் உளி அடுத்த வளையத்துக்குள் இறங்கினாலும் அங்கே சில்லு கிளம்பி வில் உடையும். அதனால் வளையம் தடிமனாக உள்ள கட்டையாகப் பாருங்கள். எனக்கு முதல் இரண்டும் போனது அப்படித்தான்.

திருச்சிக்காரன்: நான் சொன்னது தப்பு, மன்னிக்கவும். பால் விஷயத்தைக் கவனிக்கவில்லை.

கேட்டவர்: பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஒரு வருடமா என்கிறான். விழுந்த கிளையில் சுத்தியலுக்குப் பிடி போடலாமா?

நாணேற்றி: தாராளமாக. குட்டையான துண்டில் அந்த முறுக்கு ஒன்றும் செய்யாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பால் சிலருக்கு அரிக்கும். மஞ்சள் நாளாக நாளாகப் பழுப்பாகிவிடும், பயப்பட வேண்டாம்.