மறு: ‘ரோல்அவுட்’டுக்குத் தமிழ் – ‘உருட்டல்’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். வானிலை கணிக்கும் நியூரல் நெட்வொர்க் (தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) தன் விடையையே திரும்ப எடுத்துப் படிப்படியாக முன்னே போவதை ஆங்கிலத்தில் ‘ரோல்அவுட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் எது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘உருட்டல்’ என்றே வைக்கலாம். சின்னச் சொல், வாயில் நிற்கும்.

நிற்கும்தான் ஐயா. ஆனால் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு பையனிடம் ‘நியூரல் நெட்வொர்க் பத்து நாள் வானிலையை உருட்டுது’ என்று சொல்லிப் பாருங்கள். புளுகுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வான். (பல நாள் தாண்டினால் அது அதைத்தான் செய்கிறது என்பது வேறு கதை.)

2023இல் வந்த கிராஃப்காஸ்ட் என்ற வானிலை நியூரல் நெட்வொர்க் பத்து நாளையும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. இப்போதைய நிலையையும் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நிலையையும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆறு மணி நேரத்தை மட்டும் சொல்லும். அந்த விடையையே திரும்ப உள்ளே போட்டால் அதற்கடுத்த ஆறு. இப்படி நாற்பது தடவை.

தானே புயலில், 2011 டிசம்பர் 30 அன்று, எங்கள் ஓட்டு வீட்டுக் கூரை போய்விட்டது. புதுக் கைமரம் அறுக்க வந்த தச்சர், முதல் மரத்தை மாதிரியாக வைக்காமல், கடைசியாக அறுத்ததை வைத்தே அடுத்ததற்குக் கோடு போட்டுக்கொண்டு போனார். தடவைக்கு ஒரு பென்சில் கோட்டு அகலம்தான் கூடியது. பன்னிரண்டாவது மரம் முக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. ரோல்அவுட்டும் இதே வேலைதான்: தன் விடையே தனக்குத் தீனி. அதனால் ‘தன்னூட்டக் கணிப்பு’ என்கிறேன்.

‘பின்னூட்டக் கணிப்பு’ சரிவராது. வலைப்பதிவுக் காலத்திலேயே அந்தச் சொல்லைக் கமென்ட்டுக்குத் தாரை வார்த்துவிட்டோம். ‘தொடர்கணிப்பு’ பரவாயில்லை, எதைத் தின்று கணிக்கிறது என்பதுதான் அதில் இல்லை.

இன்னொன்று. படிக்குப் படி பிழை வளர்வதைப் ‘பிழைக்கூட்டல்’ என்று எழுதியிருந்தீர்கள். கைமரத்தில் கூட்டல்தான். வானிலையில் பெருக்கல். 1961இல் வானிலை ஆய்வாளர் லோரன்ஸ் 0.506127 என்ற எண்ணை அச்சுத்தாளில் இருந்தபடி 0.506 என்று தட்டிவிட்டுப் போய்த் திரும்பிவந்தபோது, கணினி வேறொரு வானிலையையே காட்டிக்கொண்டிருந்தது. ‘பிழைப்பெருக்கம்’ என்று வைத்துக்கொள்வோம்.

> ‘நெடுங்கால நடத்தை’

‘லாங்-டெர்ம் பிஹேவியர்’ என்பதற்கு இந்தச் சொல்லா? நடத்தை என்றதும் எனக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ்தான் கண்முன் வருகிறது. காற்றுக்கும் நீருக்கும் ‘போக்கு’ போதும். நாளுக்கு நாள் நடப்பதைப் ‘பாதை’ என்று தனியே பிரித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று கடலூரில் மழையா என்று யாராலும் சொல்ல முடியாது, அது பாதை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் பருவமழை, அது போக்கு. நல்ல நியூரல் நெட்வொர்க் பாதையைத் தவறவிட்ட பிறகும் போக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

‘தன்னூட்டம்’ சமையற்கட்டு வாடை அடிக்கிறது என்று புதுச்சேரி நண்பர் சொன்னால், ‘தன்விடைக் கணிப்பு’ என்றாலும் சரி. உருட்டல் மட்டும் வேண்டாம்.